அலையும் நாற்காலியும்

ஊரார் தலையைக் கழுவியே முனைவர் பட்டம் வாங்கினவள் என்று சின்னவளைப் பற்றி அவள் சித்தி சொல்வதுண்டு. கேலிக்குச் சொல்வதுதான் என்றாலும் அதில் பொய் ஒன்றும் இல்லை.

பல்கலைக்கழகத்தில் உளவியல் துறைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவளுக்கு ஓர் அறை. அவளுக்கு என்று சொல்வதுகூட அதிகம். வேலை அவளுடையது, சாவி காவலாளியுடையது. சன்னல் கிடையாது. வெளிச்சத்தம் வராமலிருக்கச் சுவரெங்கும் கறுப்பு ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தார்கள். அது அங்கங்கே பிய்ந்து, எலி கடித்த ரொட்டி மாதிரி இருக்கும். ஏ.சி. ஓடினால் பதிவு கெட்டுப்போகும் என்று சோதனை தொடங்கும்போது அதை அணைத்துவிட வேண்டும். அதன்பிறகு உள்ளே இருப்பவர்கள் மெல்ல வேகத் தொடங்குவார்கள்.

வருகிறவர்கள் பெரும்பாலும் மாணவர்கள். வந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, டேப்பால் தலையை அளந்து, நீச்சல் தொப்பி மாதிரி ஒரு துணித்தொப்பியை மாட்டி, தாடைக்குக் கீழே பட்டையை இழுத்துக் கட்டுவாள். தொப்பி முழுக்கச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஒயர். முனை மழுங்கிய ஊசியைக் கிண்ணத்துக்குள் விட்டு, முடியை விலக்கி, மண்டைத்தோலைத் தொடுகிற வரை ஜெல்லை ஏற்ற வேண்டும். ஊசியைக் கண்டதுமே பாதிப் பேருக்கு முகம் வெளிறிவிடும். "குத்தாதுங்க, பசை மாதிரிதான்" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அந்த வாக்கியம் தூக்கத்தில்கூட வரும். கூந்தல் அடர்த்தியாக இருந்துவிட்டால் கல்லில் நார் உரிக்கிற வேலை. எல்லாக் கிண்ணமும் ஒழுங்காகத் தோலைத் தொட்டு, மூளையின் மெல்லிய மின்நடுக்கம் திரையில் கோடு கோடாக ஓடத் தொடங்கும்போது அவளுக்கு முதுகு விட்டுப்போயிருக்கும்.

வந்தவருக்கு அதன்பிறகுதான் சோதனை. சாம்பல் நிறத் திரையில் ஒரு புள்ளி. அது எப்போதாவது, ஒரு கணம், கொஞ்சம் பிரகாசமாகும். அப்போது பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். உலகத்திலேயே சப்பென்ற வேலை. வேண்டுமென்றே சப்பென்று ஆக்கப்பட்ட வேலை. மனிதக் கவனம் எப்போது நழுவுகிறது, நழுவுவதற்கு முன்னால் மூளையில் ஏதாவது அடையாளம் தட்டுப்படுகிறதா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. சிலர் குறட்டை விட்டார்கள். ஒருவர், "இந்தப் புள்ளி என்னையே முறைக்குதுங்க" என்று பாதியில் எழுந்து போய்விட்டார்.

முடிந்ததும் மூலையிலுள்ள தொட்டியில் தலையைக் குனிய வைத்து, குழந்தைகள் ஷாம்பு போட்டு, ஜெல் போகிற வரை அவளே கழுவிவிடுவாள். பிறகு பல் தேய்க்கிற பிரஷ்ஷால் கிண்ணம் கிண்ணமாகத் தொப்பியைத் தேய்த்துக் காயப்போடுவாள். ஈரத் துண்டுகள் மூட்டையாக வீட்டுக்கு வரும்.

"நீ மூளையப் படிக்கிறியா, இல்ல சலூன்ல வேலை பாக்கறியா?" என்பாள் அம்மா.

"ரெண்டும் ஒரே இடந்தான்மா. அவங்க மேல வெட்டறாங்க, நான் உள்ள பாக்கறேன்."

"உள்ள என்ன தெரியுது?"

"இப்போதைக்குப் பொடுகுதான்."

இந்த வேலைக்கு அவள் வழி தவறி வந்தவள் அல்ல. அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். அவள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு வெயில் மதியத்தில், அப்பாவின் பேருந்து சிவப்பு விளக்கில் நிற்காமல் நேரே போய், குறுக்கே வந்த ஒரு பால் வேனின் பின்பக்கத்தில் இடித்தது. வேகம் குறைவு. உயிர்ச்சேதம் இல்லை. முன் இருக்கையில் இருந்த ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. பால் சாலையோரம் ஆறாக ஓடியது.

விசாரணையில் அப்பா ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "கண்ணு தொறந்துதான் சார் இருந்துச்சு. சிவப்பு லைட்டு எதிர்ல இருந்துச்சு. அதப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். ஆனா அது எனக்குத் தெரியல."

"பாத்துக்கிட்டு இருந்தா எப்படிய்யா தெரியாம போகும்?" என்றார் விசாரித்த அதிகாரி. "கண்ணசந்துட்டேன்னு ஒத்துக்கோ. சின்னதா முடிச்சு விட்டுடறேன்."

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நாளில் மறுபடி வண்டி கொடுத்திருப்பார்கள் என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். பொய் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறார் என்று தீர்மானித்து, ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, பணிமனையில் பேருந்து கழுவுகிற பிரிவுக்கு அவரை மாற்றினார்கள். அங்கே அவருக்குத் 'தூக்கம்' என்று பெயர் வைத்தார்கள். "தூக்கம் வந்துடுச்சா?" என்று ஒருவன் கேட்பான். "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று இன்னொருவன் கொட்டாவி விட்டுக் காட்டுவான். நாளடைவில் அவர்களுக்கே அதில் சிரிப்பு வற்றிவிட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

வீட்டிலும் யாரும் அவரை முழுசாக நம்பவில்லை. "முந்தின நாள் சரியா தூங்கல, அதான்" என்று அம்மா ஆறுதல் மாதிரி சொல்வாள். அந்த ஆறுதல்தான் அவரை அதிகம் குத்தியது. சின்னவளாலும் நம்ப முடியவில்லை. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்ததுதான் பின்னாளில் அவளுடைய படிப்பாயிற்று.

கல்லூரியில் உளவியல் எடுத்தபோது சொந்தபந்தமெல்லாம் ஒரு சுற்று சிரித்தது. "பைத்தியத்துக்கு வைத்தியமா?" என்றார் பெரியப்பா. சித்தியோ கண்ணை இறுக மூடிக்கொண்டு, "நான் இப்ப என்ன நெனைக்கிறேன், சொல்லு பாக்கலாம்" என்றாள்.

"இவளுக்கு இதெல்லாம் தேவையான்னு நெனைக்கிறீங்க."

"அடேங்கப்பா! படிக்கறதுக்குள்ளயே பலிக்குதே!"

அது பலித்த அளவுக்கு வேறெதுவும் பலிக்கவில்லை. மேற்படிப்பு முடித்து, ஆராய்ச்சிக்கு இடம் கேட்டு எழுதிய இடங்களிலெல்லாம் கைவிரித்தார்கள். கொஞ்ச காலம் ஒரு விளம்பர நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய், எந்த பிஸ்கட் உறை கண்ணுக்குப் பிடித்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகுதான் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியையின் ஆய்வகத்தில் உதவியாளாகக் காலூன்ற முடிந்தது. கம்ப்யூட்டருக்குப் புரியும்படி கட்டளை எழுதுவதை அழுது அழுது கற்றுக்கொண்டாள். அடுத்த வருடமே ஆராய்ச்சி மாணவியாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

பேராசிரியை அறுபதை நெருங்குகிறவர். கரகரத்த குரல், கழுத்தில் எப்போதும் இரண்டு மூக்குக் கண்ணாடிகள் தொங்கும். தேவைப்படும்போது இரண்டுமே அகப்படாது. அவரோடு அதே ஆய்வகத்தில் புள்ளியியல் பார்க்கிற ஓர் இளைஞன் இருந்தான். எதைக் கேட்டாலும் "சராசரியா பாத்தா..." என்றுதான் தொடங்குவான். அதனால் அவனுக்குச் 'சராசரி' என்றே பெயர்.

வருடங்கள் அந்தச் சன்னலில்லாத அறையில் போயின. வெளியே மழையா வெயிலா என்பதை வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். தோழிகளுக்குக் கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள், இரண்டொருவர் வீடுகூடக் கட்டிவிட்டார்கள். அவள் புள்ளியைப் பார்க்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவனத்தைப் பற்றிப் படிக்கிறவள், வீட்டுக்குப் போகிற பேருந்துக்குப் பதில் எதிர்ப்பக்கம் போகிற பேருந்தில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் நடத்துநர் எழுப்பி இறக்கிவிட்ட கதையெல்லாம் உண்டு.

அப்படியிருக்கும்போதுதான் அந்த அலை கிடைத்தது.

நூற்றுக்கணக்கான பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்ததில், ஆட்கள் புள்ளியைத் தவறவிடுவதற்குச் சற்று முன்னால், தலையின் பின்பக்கக் கிண்ணங்களில் மெதுவான ஓர் அலை எழுந்து அடங்குவது தெரிந்தது. சரியாக அழுத்திய வேளைகளில் அது இல்லை. சராசரி தன் பங்குக்கு எல்லாக் கணக்கும் போட்டுப் பார்த்துவிட்டு, "தற்செயல்னு சொல்ல முடியாது" என்றான். அவன் வாயிலிருந்து அப்படி வருவது பத்து மாலைக்குச் சமம். பேராசிரியை ஒரு கண்ணாடியைக் கழற்றி மறு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் திரையையே பார்த்தார். "கவனம் நழுவப்போறத மூளை முன்கூட்டியே சொல்லுது" என்றார் மெதுவாக. அந்த வாக்கியத்தையே தலைப்பாக்கி ஒரு பெரிய மாநாட்டுக்கு அனுப்பினார். பேச அழைப்பும் வந்துவிட்டது.

சின்னவள் அன்றைக்கு வீட்டில் சொன்னாள். அம்மா நல்லது என்றாள். அப்பா சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறை வாசலில் வந்து நின்று கேட்டார்:

"ஏம்மா, அப்ப ஒருத்தன் கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டே கவனம் போச்சுன்னா, அது மிஷின்ல தெரிஞ்சிடுமா?"

"தெரியும்னுதான் தோணுதுப்பா."

"தூங்கினதுக்கும் இதுக்கும் வித்தியாசம் காட்டுமா?"

"காட்டும்."

"அந்தத் தொப்பிய எனக்கு ஒரு தடவ போட்டுப் பாரேன்."

அவர் தன் பொருட்டு எதையும் கேட்டு அவள் பார்த்ததில்லை. பேராசிரியையிடம் அனுமதி கேட்டாள். "புது ஆம்ப்ளிஃபயர் கருவி வந்திருக்குல்ல, அதுக்கு ஒரு வெள்ளோட்டம் வேணும். அப்பாவையே உக்கார வை. ஆனா சொந்தக்காரங்க பதிவக் கணக்குல சேக்காதே" என்றார் அவர்.

விடுமுறை நாளில் அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும், என்ன பழக்கமோ, வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். முடி கொட்டிப்போயிருந்ததால் ஜெல் ஏற்றுவது சுலபமாக முடிந்தது. "பாத்தியா, வழுக்கைக்கும் ஒரு உபயோகம் இருக்கு" என்றார். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முதுகு நாற்காலியில் படவே இல்லை. வாழ்நாளில் பாதியை ஓட்டுநர் இருக்கையில் கழித்த உடம்பு.

முடிந்து தலையைக் கழுவிவிடும்போது, தொட்டிக்குள் குனிந்தபடியே கேட்டார்: "வந்துச்சா அந்த அலை?"

"இனிமேதான்ப்பா பாக்கணும்."

"நெறைய விட்டுட்டேன்னு நெனைக்கிறேன்."

நிறையத்தான் விட்டிருந்தார். ஆனால் எத்தனை முறை அடுக்கிப் பார்த்தும் அவர் பதிவில் அலை இல்லை. மருந்துக்குக்கூட இல்லை.

புதுக் கருவியில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தாள். பழைய கருவியில் வேறொரு மாணவனைப் பதிந்தாள், அலை வந்தது. அதே மாணவனைப் புதுக் கருவியில் பதிந்தாள், அப்போதும் வந்தது. வேறு வழி தெரியாமல் கேமரா பதிவைத் திறந்தாள். யாராவது தூங்கிவிட்டால் அவர்களைக் கழித்துவிடுவதற்காக அறையில் ஒரு கேமரா உண்டு. அதுவரை எல்லோரும் அதில் இமைகளை மட்டுமே பார்த்திருந்தார்கள். மற்றதை யாரும் பார்க்கவில்லை.

அந்த மாணவனின் படத்தையும் அலையையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டாள். பையன் சலித்துப்போகிறான். தோள் தளர்கிறது. தலை மெதுவாகப் பின்னால் போய், நாற்காலியின் தலையணையில் சாய்கிறது. பின்பக்கக் கிண்ணங்கள் அழுந்துகின்றன. திரையில் அலை எழுகிறது.

இன்னொருவரைத் திறந்தாள். தலை சாய்ந்தது, அலை எழுந்தது. இன்னொருவர். இன்னொருவர். அழுந்திய ஜெல்லும் நகர்ந்த கிண்ணமும் எழுப்பிய அலை. மூளைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சலித்தவன் சாய்வான், சாய்ந்தவன் கோட்டை விடுவான். இதைச் சொல்ல இத்தனை ஒயர் வேண்டியதில்லை, பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சைப் பார்த்தாலே போதும். அப்பா சாயவில்லை, அதனால் அலையில்லை.

அந்த நேரத்தில் அவளுக்கு அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. இன்னும் எத்தனை தலையைக் கழுவ வேண்டுமோ என்றுதான் முதலில் தோன்றியது.

சராசரியிடம் மட்டும் சொன்னாள். இருவருமாக நாற்காலியின் தலையணையைக் கழற்றினார்கள். துருப்பிடித்த திருகு, சராசரி கையைக் கிழித்துக்கொண்டான். அப்படியே புதிதாகச் சிலரை உட்கார வைத்துப் பதிந்தார்கள். அலை போன இடம் தெரியவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

சராசரி கையில் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டான். பிறகு சொன்னான்: "ஒண்ணு சொல்லட்டுமா? உங்கப்பா பதிவு கணக்குலயே இல்ல. நாம தலையணையக் கழட்டினது யாருக்கும் தெரியாது. திருப்பி மாட்டிட்டா..."

"மாட்டிட்டா?"

"மேடம் மாநாட்டுல பேசுவாங்க. நீ பட்டம் வாங்கிடுவ. நானும் ஊர் போய்ச் சேருவேன்."

"நாளைக்கு வேற யாராவது தலையணை இல்லாத நாற்காலில செஞ்சு பாத்தா?"

"அது அவன் தலையெழுத்து."

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டுகிற தகுதி அவளுக்கு இருக்கவும் இல்லை. ஏனென்றால் அதற்குப் பிறகும் சில நாட்கள் அவள் வாயைத் திறக்காமல்தான் இருந்தாள். தலையணை மேசைக்கு அடியில் கிடந்தது. காலால் அதைத் தள்ளித் தள்ளி இன்னும் உள்ளே போக்கினாள். வீட்டில் அப்பா, "பாத்துட்டியாம்மா?" என்று கேட்கும்போதெல்லாம், "கருவி சரியில்லப்பா, பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள். மாநாடு நெருங்கியது. பேராசிரியை பயணத்துக்குப் பெட்டிகூட வாங்கிவிட்டார். அந்தப் புதுப்பெட்டி அறை மூலையில் நிற்பதைப் பார்த்த அன்றுதான், இனிமேல் தாங்காது என்று, அவர் மேசை முன்னால் போய் நின்று சொல்லிவிட்டாள்.

பேராசிரியை குறுக்கே பேசாமல் கேட்டார். "எனக்குத் தொப்பியப் போடு" என்றார்.

சின்னவள் அவருடைய நரைத்த கூந்தலை விலக்கி விலக்கி ஜெல் ஏற்றினாள். தலையணையை மறுபடி மாட்டினார்கள். நிமிர்ந்து உட்கார்ந்தார், கோடுகள் அமைதியாக ஓடின. தலையைச் சாய்த்தார், அலை எழுந்தது. நிமிர்ந்தார், அடங்கியது. சாய்ந்தார், எழுந்தது. குழந்தை ஊஞ்சலாடுகிற மாதிரி நாலைந்து தரம் செய்துவிட்டு, சாய்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்த நாற்காலி நான் வாங்கினதும்மா" என்றார் ஒருவாறு. "பழைய நாற்காலில பசங்களுக்குக் கழுத்து வலிக்குதுன்னு, பாவமேன்னு வாங்கினேன்."

"மேடம், நான் முன்னாடியே பாத்திருக்கணும்."

"நானும்தான் பாத்திருக்கணும். எத்தன வருஷமா இதே வேலையா இருக்கேன்! எவ்வளவு நாளா உனக்குத் தெரியும்?"

"ஒரு வாரம் இருக்கும்."

"ம்." அவர் கண்ணைத் திறக்கவில்லை. "எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் எவ்வளவு நாள் சும்மா இருந்திருப்பேன்னு தெரியல. சரி, தலையக் கழுவி விடு. மாநாட்டுக்காரங்களுக்கு இப்பவே சொல்லணும்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. தலை துவட்டிக்கொண்டு போனவர், படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடுவில் ஒரு முறை நின்றார். அதற்கு முன்பு அவர் அப்படி நின்று அவள் பார்த்ததில்லை.

இனி அப்பாவிடம் சொல்ல வேண்டும். அதுதான் எல்லாவற்றையும்விட மலைப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, தானும் ஒரு துணியை எடுத்து மடித்தபடி சொன்னாள். அலை இல்லை, அது நாற்காலியால் வந்தது, மாநாடு இல்லை, இத்தனை வருடமும் போயிற்று.

அப்பா ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். "அப்ப நான் தூங்கிட்டேன்னுதானே ஆகுது?"

"இல்லப்பா! அப்படி இல்ல. அடையாளம் கெடைக்கலன்னுதான் அர்த்தம்."

"கெடைக்கலன்னா இல்லைன்னுதானே?"

"கெடைக்கலன்னா தெரியலன்னு அர்த்தம்ப்பா."

"தெரியலன்னு நான் சொன்னப்ப ஒருத்தனும் ஒத்துக்கலையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னார். பிறகு மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கு முழுக்க அந்தப் பேச்சு அவளை விடவில்லை. அலையை விட்டுத்தள்ளிவிட்டு, தன்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று யோசித்தாள். மிச்சமிருந்தது கேமரா பதிவுதான். மறுநாள் ஆய்வகத்தில், அப்பாவின் பதிவை இந்தத் தடவை அலைக்காக இல்லாமல், அவர் முகத்துக்காக ஓடவிட்டாள். அவர் புள்ளியைத் தவறவிட்ட ஒவ்வொரு இடமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். எங்கேயும் அவர் தூங்கியிருக்கவில்லை.

பணிமனை வேலை முடிந்து அவரை நேராக ஆய்வகத்துக்கு வரச் சொன்னாள். ஈரக் கால்சட்டையோடு வந்தார். திரை முன்னால் உட்கார வைத்தாள்.

"இது நீங்க. இந்தப் பக்கம் நீங்க பாத்த திரை. ரெண்டும் ஒரே நேரத்துல ஓடும். புள்ளியப் பாருங்க, அப்புறம் உங்க கண்ணப் பாருங்க."

படத்தில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்கள் அகலத் திறந்திருந்தன. நேராகப் புள்ளியின் மேல் இருந்தன. புள்ளி பிரகாசமாயிற்று. அவர் இமைக்கக்கூட இல்லை. பொத்தான் மேலிருந்த விரலும் அசையவில்லை. புள்ளி மங்கியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தரம் போடு" என்றார் அப்பா.

போட்டாள்.

"இது நான் விட்டதா?"

"ஆமா."

"கண்ணு..."

"தொறந்துதான் இருக்கு. இந்த மாதிரி நெறைய இருக்குப்பா. உங்களுக்கு மட்டும் இல்ல, வந்தவங்க எல்லாருக்கும் இருக்கு. பாத்துக்கிட்டே விட்டுடறாங்க. இது நான் கண்டுபிடிச்சது இல்ல, ரொம்ப நாளா எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஏன்னுதான் எனக்கு இன்னும் சொல்லத் தெரியல."

அவர் அதையே மறுபடி மறுபடி போடச் சொன்னார். அந்த அதிகாரி ஓய்வு பெற்று எங்கேயோ போய்விட்டார். பணிமனையில் பெயர் வைத்தவர்களில் பாதிப் பேர் இல்லை. யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? வெகுநேரம் கழித்து, "மூஞ்சி இவ்வளவு கெழடு தட்டிப்போச்சா எனக்கு?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டாரா, வியர்வையைத் துடைத்துக்கொண்டாரா என்று சொல்ல முடியாது, ஏ.சி. அணைந்துதான் இருந்தது. "உங்கம்மாவ ஒரு நாள் கூட்டிட்டு வரலாமா?" என்று மட்டும் கேட்டார்.

அம்மா வந்தாள். பார்த்தாள். நாற்காலியை இழுத்து அப்பாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அவர் முழங்கை மேல் கை வைத்தபடி கடைசி வரைக்கும் பார்த்தாள். "சரியா தூங்கல, அதான்" என்கிற பேச்சு அதற்குப் பிறகு அந்த வீட்டில் எழவில்லை.

சின்னவளின் பெயரில் முதலில் அச்சான கட்டுரை நான்கு பக்கம். தலையணை வைத்த நாற்காலியில் உட்கார வைத்து மூளை அலைகளைப் பதிந்தால் என்ன கோளாறு நேரும் என்பது பற்றியது. பேராசிரியை தன் பெயரையும் போட்டுக்கொண்டார். "தப்புல பங்கு இருக்கு, கட்டுரையில வேண்டாமா?" என்றார்.

சித்தி அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் புரட்டினாள். "ஏண்டி, இத்தன வருஷம் கண்ணு முழிச்சுப் படிச்சு, கடைசியில நாற்காலியப் பத்தியா எழுதின? இத ஒரு தச்சன் எழுத மாட்டானா?"

"அவருக்கு நேரமில்ல சித்தி."

மற்ற ஆய்வகங்களில் சிலர் அவசர அவசரமாகத் தங்கள் நாற்காலிகளைத் திருப்பிப் பார்த்ததாகவும், ஒரு இடத்தில் ஒரு பெரிய கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவும் சராசரி எங்கிருந்தோ கேட்டுவந்து சொன்னான். அதில் அவளுக்குப் பெரிய சந்தோஷம் இல்லை. அங்கேயும் ஒருத்தி இருந்து தலை கழுவியிருப்பாளே என்றுதான் நினைத்தாள்.

பட்டம் பிறகு கிடைத்தது, வேறு தலைப்பில், கூடுதலாக இரண்டு வருடம் உழைத்து. அதில் கொண்டாட்டம் எதுவும் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் படுத்தவள், மறுநாள்தான் எழுந்தாள். சராசரி ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்குப் போய்விட்டான். பேராசிரியை ஓய்வு பெற்றார்.

இப்போது அவள் வேறோர் ஊரில், மருத்துவமனை ஒன்றில், தலையில் அடிபட்டுத் தேறி வருகிறவர்களுக்கு அதே புள்ளிச் சோதனை செய்கிறாள். ஆராய்ச்சி பாதி, மருத்துவமனை வேலை பாதி. சம்பளத்துக்கு முழு ஆள், நேரத்துக்கு ஒன்றரை ஆள். மதியத்துக்குமேல் அவளுக்கே கண் எரியத் தொடங்கிவிடுகிறது. சிலர், தாங்கள் எதையோ தவறவிட்டோம் என்று அடுத்த கணமே உணர்ந்து உதட்டைக் கடிக்கிறார்கள். சிலர் கடைசி வரைக்கும் எதுவுமே நடக்காதது போல உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த இரண்டு ரகத்தாருக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று கொஞ்ச நாளாகப் பதிந்து வருகிறாள். ஏதோ இருக்கிற மாதிரி தெரிகிறது. இருக்காமலும் போகலாம். யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. கேட்கிறவர்களிடம், "பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த நோயாளியை உள்ளே கூப்பிடுகிறாள்.